ஆற்றில் கிடைத்த வில்லைக்கு 36 ரூபாயா?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாகச் செல்லும் விருதுநகர்–தென்காசி ரயில் பாதைக்கு 2027-ல் நூறு வயதாகிறது. அந்த ஆண்டைக் குறிப்பிட்டு வாசகர்களிடமிருந்து கடிதங்கள் வருகின்றன. அய்யனார் கோவில் ஆற்று மணலிலோ தூர்வாரிய கண்மாய் வண்டலிலோ கிடைத்த, ரயில் போர்ட்டரோ தாலுகா சேவகரோ அணிந்திருந்த பழைய பித்தளை வில்லை வீட்டில் இருக்கிறது. நூறாண்டு ஆகிவிட்டால் அரசு எடுத்துக்கொள்ளுமாமே, அதற்குள் விற்றுவிடலாமா என்று கேட்கிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். நூறாண்டு என்பது 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் வைத்திருக்கும் வரம்பு. அதைத் தாண்டிய பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. தொழிலாக வாங்கி விற்க உரிமம் வேண்டும். வில்லைக்கு உண்மையான சிக்கல், நூறாண்டு ஆகாத பொருளையும் விட்டுவைக்காத 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில் இருக்கிறது.

‘பூமிக்குள் கிடப்பதெல்லாம் சர்க்காருக்கே சொந்தம்’ என்று அலுவலகங்களில் அடித்துச் சொல்வார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள பொருளைக் கண்டெடுத்தவர் கலெக்டருக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும். தவறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். கலெக்டர் அறிவிப்பு வெளியிட்டு, உரிமை கோருவோருக்குக் குறைந்தது நான்கு மாத அவகாசம் தருவார். உரிமையாளர் என்று யாரும் வராவிட்டால் பொருள் கண்டெடுத்தவருக்கு; நிலத்துக்காரர் பங்கு கேட்டால் முக்கால் பங்கு கண்டெடுத்தவருக்கு, கால் பங்கு நிலத்துக்காரருக்கு. ஆற்றில் தவறி விழுந்தது ‘மறைந்து கிடந்தது’ ஆகுமா என்று வக்கீல்கள் வாதாடலாம். சிறைத் தண்டனை உள்ள விஷயத்தில் நீங்கள் அதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

இதுவரை நியாயம்தான். என்னை உறுத்துவது 16-வது பிரிவு. அரசு விரும்பினால் அந்தப் பொருளைத் தானே எடுத்துக்கொள்ளலாம். அதற்குத் தர வேண்டிய விலை, பொருள் செய்யப்பட்ட உலோகத்தின் மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும். உங்கள் வில்லை 60 கிராம், பித்தளை கிலோ 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பித்தளைக்கு 30 ரூபாய், மேலே 6 ரூபாய், ஆக 36 ரூபாய். பழைய பாத்திரக்காரர் தராசில் போடுகிற அதே கணக்கு. வில்லையில் வெட்டியிருக்கும் எழுத்துக்கு இந்தப் பிரிவில் ஒரு பைசா கிடையாது.

ஆனால் வில்லையின் மதிப்பே அந்த எழுத்தில்தான் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஆண்டு புதிதாக உருவான ராமநாதபுரம் ஜில்லாவுக்கு மாறியது. ஆகவே ஸ்ரீவில்லிபுத்தூர் பெயரோடு ‘டின்னெவெல்லி’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1910-க்கு முந்தைய தாலுகா சேவகரின் வில்லை. ‘ராம்நாட்’ என்றிருந்தால் பிந்தையது. ‘எஸ்.ஐ.ஆர்.’ என்றால் தென்னிந்திய ரயில்வே. ராஜபாளையத்துக்கு ரயில் வந்தது 1927-ல். தென்னிந்திய ரயில்வே தெற்கு ரயில்வேயில் கலந்தது 1951 ஏப்ரலில். ராஜபாளையம் பெயரும் சேர்ந்திருந்தால் அந்த போர்ட்டர் வில்லையின் காலம் இருபத்து நான்கு ஆண்டுகளுக்குள் அடங்கிவிடும். அசோகர் தூணின் சிங்க முத்திரை இருந்தால் சுதந்திரத்துக்குப் பிந்தையது.

திருப்பியும் பாருங்கள். வாரில் கோக்க வளையம் பற்றவைத்த தடம் இருக்கும். கையால் அடித்த எண்களில் இலக்கங்கள் வரிசை பிசகி ஏறி இறங்கி நிற்கும். உண்மையான தேய்மானம் மேடான இடங்களில் கூடுதலாகத் தெரியும். மேடும் பள்ளமும் ஒரே மாதிரி மழுங்கி, எழுத்தைச் சுற்றிப் பொடிக்குழிகள் இருந்தால் புதிதாக வார்த்த போலி என்று சந்தேகியுங்கள்.

மறுபடி விலைக்கு வருவோம். பிரிட்டனின் 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி, புதையலை மியூசியம் எடுத்துக்கொண்டால் தனிக்குழு ஒன்று சந்தை விலையைக் கணிக்கிறது. அந்த விலையே வெகுமதி. நம் சட்டம் பாரம்பரியத்தைக் காக்கிறது என்கிறார்கள். ஆனால் 1976-ல் பத்தூரில் ஒரு கூலித் தொழிலாளி தோண்டியபோது கிடைத்த நடராஜர் கலெக்டரிடம் போகவில்லை. வியாபாரிகள் கைமாறி லண்டன் போனார். வழக்காடி 1991-ல்தான் மீட்டு வந்தோம். எடைக்கு விலை தரும் சட்டத்தை நம்பி எந்த ஏழை பொருளைக் கொண்டுபோய்க் கொடுப்பார்?

மற்ற கேள்விகள்:

துலக்கலாமா? புளி, சாம்பல், பொடி எதுவும் கூடாது. தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள்.

எழுத்து தெரியவில்லையே? இருட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் படம் எடுங்கள்.

என்ன விலை போகும்? ஊர்ப் பெயரும் எண்ணும் இருந்தால் சேகரிப்போர் கூடுதலாகத் தருவார்கள். எழுத்தில்லாத வில்லைக்குப் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

தாத்தா விட்டுப்போன வில்லை? மண்ணில் எடுத்ததல்ல, புதையல் சட்டம் பொருந்தாது.

மியூசியத்தில் காட்டலாமா? விருதுநகர் அரசு அருங்காட்சியகத்தில் காட்டலாம். கலெக்டருக்கு எழுதிய பிறகு.

16-வது பிரிவை மாற்றி, சந்தை விலை தர அரசு முன்வர வேண்டும். அதுவரை, கிடைத்த இடம், நாள், எடை, இருபுறப் படங்கள் ஆகியவற்றோடு கலெக்டருக்குக் கடிதம் கொடுங்கள். நகலில் அலுவலக முத்திரை வாங்காமல் வில்லையை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.