பேச்சு வளரும் வயது

1967-இல் இரண்டு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, மொழியின் உயிரியல் அடிப்படை பற்றி அமெரிக்காவில் எரிக் லெனபெர்க் எழுதியது. பருவ வயதோடு மொழி கற்கும் திறன் அடங்கிவிடுகிறது என்றார் அவர். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளையும் அதற்குச் சான்றாகக் காட்டினார். மற்றொன்று இங்கிலாந்தில் வந்தது. அதை எழுதிய நைஜல் ஹன்ட், டவுன் சிண்ட்ரோமோடு பிறந்த இளைஞர். அம்மாவிடம் வாசிக்கக் கற்றவர். தன் கதையைத் தானே தட்டச்சு செய்தார்.

இந்த இரண்டில் எது சரி? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ராபின் சாப்மேன் குழுவினர் டவுன் சிண்ட்ரோம் உள்ள, 5 முதல் 20 வயதுவரையிலான 31 பேரை 6 ஆண்டுகள் கவனித்து, 2002-இல் முடிவை வெளியிட்டார்கள். பதின்ம வயதிலும் அவர்கள் பேசும் வாக்கியங்கள் நீண்டுகொண்டே வந்தன. சிக்கலான வாக்கியங்களைக் கேட்டுப் புரிந்துகொள்வதில்தான் மூத்தவர்களிடம் தேக்கம் தெரிந்தது.

21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வரும் நிலை டவுன் சிண்ட்ரோம். பேச்சைத் தடுக்கும் காரணங்கள் பல. நடுக்காதில் அடிக்கடி நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைகிறது. நாக்கு, உதட்டுத் தசைகளில் இறுக்கம் போதாமல் உச்சரிப்பு குழறுகிறது. காதில் விழுந்த சொற்களைச் சில நொடிகள் மனத்தில் நிறுத்துவதும் கடினம். வாக்கியத்தின் முடிவு வருவதற்குள் தொடக்கம் நழுவிவிடும். இதனால், புரிந்துகொள்ளும் அளவுக்கு அவர்களால் பேச முடிவதில்லை. பேச்சை மட்டும் கேட்டு அறிவை எடைபோடுபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

கண்ணால் பார்த்தது இவர்களுக்கு நன்றாக நிற்கிறது. பேச்சு காற்றோடு போய்விடும். அச்செழுத்து கண்முன் காத்திருக்கும். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் உளவியலாளர் சூ பக்லி, 1980-களிலிருந்து வாசிப்பையே பேச்சுக்கு வழியாக்கியது இதனால்தான். கேள்வி கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் பதின்ம வயதினர், படக்கதையைப் பார்த்துக் கதை சொல்லும்போது நீண்ட வாக்கியங்களில் பேசுவதையும் சாப்மேன் குழு கண்டது.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. செவித்திறனை அவ்வப்போது பரிசோதியுங்கள். "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், போய்வந்த திருமணத்தின் புகைப்படங்களைக் கொடுத்து, அங்கே என்ன நடந்தது என்று சொல்லச் சொல்லுங்கள். தயங்கினால் பொறுத்திருங்கள், வாக்கியத்தை நீங்கள் முடித்துவைக்காதீர்கள். முக்கியமாக, பிள்ளை வளர்ந்துவிட்டது என்பதற்காகப் பேச்சுப் பயிற்சியை நிறுத்தாதீர்கள். பதினைந்து வயதில் அவர்களுக்கு நண்பர்களும் கோபங்களும் ஆசைகளும் இருக்கின்றன. சொல்வதற்கு முன்னைவிட நிறையவே இருக்கிறது.