இடமில்லை என்று கணினி சொன்னால்...

2025ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்கும் தகுதியற்ற பழைய கணினிகள் பல இல்லங்களில் இருக்கின்றன. அவற்றைத் தூக்கி எறிய மனமில்லாதோர்க்குக் கைகொடுப்பது லினக்ஸ். ஃபின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிவைத்த, விலை கொடுத்து வாங்க வேண்டியிராத இயங்குதளம் அது.

ஆனால் லினக்ஸையும் காலந்தோறும் புதுப்பிக்க வேண்டும். பலரும் பயன்படுத்தும் உபுண்டுவில் இரண்டாண்டுக்கு ஒருமுறை நீண்டகால ஆதரவுப் பதிப்பு வெளிவருகிறது. அதற்கு மாற முனையும்போதுதான் சிலருக்குச் சோதனை வருகிறது. 'போதிய இடமில்லை' என்று கூறிக் கணினி நின்றுவிடுகிறது. அல்லது புதுப்பித்த பின் கறுப்புத் திரையோடு உறைந்துபோகிறது. பழுது பார்ப்பவரை அழைத்தால், "எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டுவிடலாம்" என்கிறார். நிக்காஹ் படங்களும், பிள்ளைகளின் சான்றிதழ்களும், வீட்டுப் பத்திர நகல்களும் ஒரு நொடியில் மறைந்துவிடக்கூடிய கட்டம் இதுவே. அவசரப்படாதீர்கள். பெரும்பாலும் கோளாறு சிறியது. கோப்புகள் பத்திரமாகவே இருக்கின்றன.

ஒரே வீடு, பல அறைகள்

வன்தட்டு ஒன்றுதான். ஆயினும் அது பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். இப்பகுதியைப் 'பார்ட்டிஷன்' என்பர். இயங்குதளம் குடியிருக்கும் பகுதி 'ரூட்'. உங்கள் கோப்புகள் இருக்குமிடம் 'ஹோம்'. கணினி கண்விழிக்கத் தேவையானவை இருக்கும் சிறு பகுதி 'பூட்'. நினைவகத்திற்குத் துணைநிற்பது 'ஸ்வாப்'. எல்லாக் கணினிகளிலும் இவை தனித்தனியே இருப்பதில்லை. ஒரே பகுதிக்குள் சேர்ந்திருப்பதும் உண்டு. தனித்தனியே இருக்குமானால், ஓர் அறை நிரம்பி வழியும்போது அடுத்த அறை காலியாகக் கிடந்தும் பயனில்லை. 500 ஜிபி வன்தட்டில் 400 ஜிபி மிச்சமிருந்தும் 'இடமில்லை' என்ற செய்தி வருவதன் மர்மம் இதுதான்.

எனவே முதலில் செய்தியை நிதானமாகப் படியுங்கள். எந்தப் பகுதியில் எவ்வளவு இடம் குறைகிறது என்பதை உபுண்டுவின் புதுப்பிப்பு நிரலே பெரும்பாலும் சொல்லிவிடும். அடுத்து, கட்டளைத் திரையில் 'டிஎஃப்' என்னும் கட்டளையைச் சிறுகோட்டோடும் 'எச்' எழுத்தோடும் சேர்த்து இடுங்கள். ஒவ்வொரு பகுதியும் எத்தனை விழுக்காடு நிரம்பியுள்ளது என்று பட்டியல் விரியும்.

'பூட்' நிரம்பினால்

வன்தட்டு முழுவதையும் மறையாக்கம் செய்து நிறுவியவர்களிடம் இக்குறை அதிகம். அப்போது 'பூட்' தனிப்பகுதியாகச் சிறிய அளவில் அமைகிறது. இயங்குதளத்தின் இதயமான கெர்னல் புதிதாக வரும்போதெல்லாம் பழையதும் அங்கேயே தங்கிவிடுவதுண்டு. ஒரு கெர்னலும் அதன் துணைக்கோப்பும் சேர்ந்து 100 எம்பிக்கு மேல் பிடிப்பது இன்று சாதாரணம். நான்கைந்து சேர்ந்தால் அறை நிரம்பாமல் என்ன செய்யும்?

'ஆப்ட் ஆட்டோரிமூவ்' என்னும் கட்டளை, தேவையற்ற பழைய கெர்னல்களை முறைப்படி அகற்றும். அதற்கு முன் 'யூநேம்' கட்டளையைச் சிறுகோட்டோடும் 'ஆர்' எழுத்தோடும் இட்டு, இப்போது இயங்கும் கெர்னல் எதுவென்று குறித்துக்கொள்ளுங்கள். அகற்றப்படும் பட்டியலில் அது இருக்கக்கூடாது. 'பூட்' பகுதிக்குள் புகுந்து கோப்புகளைக் கையால் அழிப்பது தவறு. கோப்பு போய்விடும், அது இன்னும் இருப்பதாகவே நிரல்மேலாளர் எண்ணிக்கொண்டிருக்கும். குழப்பம் இரட்டிப்பாகும்.

'ரூட்' நிரம்பினால்

'ஆப்ட் கிளீன்' கட்டளை, தரவிறக்கி நிறுவி முடித்த பொதிகளை நீக்கி இடம் தரும். இடமிருந்தும் இடமில்லை என்று கணினி பிடிவாதம் செய்கிறதா? 'டிஎஃப்' கட்டளையில் 'எச்' எழுத்துக்குப் பதிலாக 'ஐ' எழுத்தை இட்டுப் பாருங்கள். கோப்புகளின் கொள்ளளவு மட்டுமல்ல, எண்ணிக்கைக்கும் வரம்புண்டு. இலட்சக்கணக்கான சிறு கோப்புகள் அவ்வரம்பை எட்டியிருக்கலாம்.

கண்விழிக்க மறுத்தால்

ஒவ்வொரு பகுதிக்கும் நீண்டதோர் அடையாள எண் உண்டு. 'எஃப்எஸ்டேப்' என்னும் கோப்பிலுள்ள எண்களைப் பார்த்தே கணினி பகுதிகளை இணைக்கிறது. ஸ்வாப் பகுதியை அழித்து மீண்டும் உருவாக்கியிருந்தால் எண் மாறியிருக்கும். பழைய எண்ணைத் தேடிக் கணினி ஒன்றரை நிமிடம் காத்திருக்கும். முக்கியமான பகுதியாயின் அவசரநிலைத் திரையில் நின்றுவிடும். 'பிஎல்கேஐடி' கட்டளை காட்டும் எண்ணையும் கோப்பிலுள்ள எண்ணையும் ஒப்பிட்டுத் திருத்தினால் தீர்ந்தது.

செய்யக்கூடாதவை

பகுதிகளின் அளவை மாற்றுவதே தீர்வு என்றால், பென்டிரைவிலிருந்து லினக்ஸை இயக்கி, 'ஜிபார்ட்டெட்' நிரலால் செய்யுங்கள். பயன்பாட்டில் உள்ள 'ரூட்' பகுதியைச் சுருக்க இயலாது. பகுதியின் தொடக்கத்தை நகர்த்துவதற்குப் பல மணி நேரம்கூட ஆகலாம். நடுவே மின்சாரம் போனால் தரவுகள் சிதையும். யுபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் இதைத் தொடவே வேண்டாம். மடிக்கணினியாயின் மின்னிணைப்பும் மின்கலமும் இரண்டும் இருக்கட்டும். அவ்வாறே, இணைக்கப்பட்டுப் பயன்பாட்டில் இருக்கும் பகுதியின்மீது 'எஃப்எஸ்சிகே' என்னும் பழுதுநீக்கும் கட்டளையை ஏவாதீர்கள். நலமாயிருந்த பகுதியும் பாழாகக்கூடும்.

முதற்கடமை

இவை அனைத்திற்கும் முன்னர் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. குடும்பத்தின் படங்களும் ஆவணங்களும் நம் கையில் இருக்கும் அமானிதம். அவற்றை வெளி வன்தட்டு ஒன்றில் நகலெடுங்கள். அதே வன்தட்டின் மற்றொரு பகுதியில் வைப்பது நகலாகாது. தட்டு பழுதானால் இரண்டும் ஒன்றாகவே போகும். நகலெடுத்தபின் நாலைந்து கோப்புகளை வேறொரு கணினியில் திறந்து சரிபாருங்கள். மறையாக்கம் செய்திருந்தால் அதன் கடவுச்சொல்லைத் தாளில் எழுதிப் பெட்டகத்தில் வையுங்கள். அது தொலைந்தால் தேர்ந்த வல்லுநரும் கைவிரித்துவிடுவார்.

எந்தப் பகுதி எதற்கு, எவ்வளவு அளவு என்பதை இன்றே ஒரு குறிப்பேட்டில் பதிந்துவையுங்கள். நாளை எவரேனும் "அழித்துவிடலாமா?" என்று கேட்கும்போது, "இந்தப் பகுதியை மட்டும் தொடாதீர்கள்" என்று வீட்டிலுள்ள எவரும் துணிந்து சொல்ல அந்த ஒரு பக்கமே போதும்.