மின்கலம் மூப்பெய்தும் வகை

புதிய கைத்தொலைபேசி ஒன்றை வாங்கி வீடு திரும்புவோர்க்குக் கடைக்காரர் விலையின்றி வழங்கும் அறிவுரை ஒன்றுண்டு. “முதல் எட்டு மணித்தியாலம் விடாமல் சார்ச் போடுங்கோ, அண்ணை. பிறகு முழுக்க இறங்கின பிறகுதான் திரும்பப் போடவேணும்” என்பதே அது. தந்தை அதனைத் தாய்க்கு உரைப்பார். தாய் பிள்ளைகளை எச்சரிப்பார். இவ்வாறு வீடுதோறும் வழங்கிவரும் இவ்விதி ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. ஆயின், இன்று நம் கையிலுள்ள தொலைபேசிக்கு உரிய விதி இஃதன்று. இதன் முற்பகுதி பயனற்றது. பிற்பகுதியோ கேடு பயப்பது.

முன்னாளில் நிக்கலும் கட்மியமும் கொண்டு செய்த மின்கலங்கள் வழக்கிலிருந்தன. அவற்றைப் பாதி இறங்கிய நிலையிலேயே மீண்டும் மீண்டும் மின்னேற்றிவந்தால், அப்பாதியளவே தம் முழுக் கொள்ளளவு என்று நினைவில் கொண்டனபோல் அவை நடந்துகொள்ளும். ஆதலின் முழுதும் இறக்கி முழுதும் ஏற்றுதல் அக்காலத்தில் அறிவுடைய செயலாயிற்று. அம்மின்கலங்கள் தொலைபேசியை விட்டு நீங்கி நெடுங்காலமாகியும் அவற்றுக்குரிய வழக்கம் மட்டும் நம்மை விட்டு நீங்கவில்லை.

இன்றைய தொலைபேசிகளில் இருப்பது இலிதியம் அயன் மின்கலம். 1970ஆம் ஆண்டுகளில் ஸ்டான்லி விட்டிங்காம் என்பார் இதற்கு அடிகோலினார். 1980இல் ஜோன் குடினஃப் என்பார் ஒக்ஸ்ஃபோர்டில் பணியாற்றிய காலத்தில் கோபாற்று ஒட்சைட்டை அதற்கேற்ற மின்வாயாகக் கண்டார். 1985இல் யப்பானியரான அக்கிரா யொஷினோ அதனை அச்சமின்றிக் கையாளத்தக்க உருவில் அமைத்தார். 1991இல் சோனி நிறுவனம் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. இம்மூவருக்கும் 2019இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டபோது குடினஃபின் வயது 97. நோபல் பரிசு பெற்றோருள் அவரே வயதின் மூத்தவர்.

இம்மின்கலத்தின் ஒருபுறத்து மின்வாய் காரீயத்தாலாயது. பென்சிலில் இருக்கும் அதே பொருள்தான். நம் நாட்டிலே போகலையிலும் ககட்டகாவிலும் நிலத்தடியிலிருந்து அகழப்படும் காரீயம் தூய்மையால் உலகறிந்தது என்பதை மாணவர் புவியியற் பாடத்தில் கற்றிருப்பர். காரீயம் மிக மெல்லிய தாள்களை அடுக்கினாற்போன்ற அமைப்பினது. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் கோபாற்று முதலியவை சேர்ந்த மறுபுற மின்வாயிலிருந்து புறப்பட்டு, இடையிலுள்ள திரவத்தினூடே நீந்தி, இக்காரீயத் தாள்களின் இடையே சென்று தங்குகின்றன. தொலைபேசியை நாம் பயன்படுத்தும்போது அவை வந்தவழியே திரும்புகின்றன. இப்போக்குவரத்தே மின்கலத்தின் வாழ்வு.

மூப்பு எங்ஙனம் வருகின்றது? காரீயத்தின் மேற்பரப்பிலே, அத்திரவம் சிதைவதனால் ஒரு நுண்ணிய படலம் உண்டாகின்றது. அப்படலம் ஓரளவு வேண்டியதே. ஆயினும் அது தடிக்குந்தோறும் சிறிது இலிதியத்தைத் தன்னுள் சிறைப்படுத்திக்கொள்கின்றது. சிறைப்பட்ட இலிதியம் பின் ஒருபோதும் பயணஞ் செய்யாது. நூறு அயன்கள் போய்வந்த இடத்தில் தொண்ணூறு, பின்னர் எண்பது என்று தொகை குறையும். காலையில் நூறு என்று காட்டிய தொலைபேசி பிற்பகலிலேயே சோர்ந்துவிடுவதன் காரணம் இதுவே.

இச்சிதைவை விரைவுபடுத்துவன இரண்டு. ஒன்று வெப்பம்; மற்றொன்று மின்கலம் முழுதும் நிரம்பிய நிலையிலேயே நெடுநேரம் கிடத்தல். முழுதும் நிரம்பும்போது மின்கலத்தின் அழுத்தம் ஏறக்குறைய 4.2 வோல்ற்றுக்கோ சற்று மேலோ உயர்கின்றது. அவ்வழுத்தத்தில் உள்ளிருக்கும் பொருள்கள் அமைதி கொள்வதில்லை. இவ்விரண்டும் ஒருங்கே சேருமாயின் விளையும் கேட்டைப் பலரறிந்த அளவீடு ஒன்று விளக்கும். 25 பாகை செல்சியசில், நூற்றுக்கு 40 பங்கு மின்னேற்றி ஓராண்டு வைத்த மின்கலம் தன் கொள்ளளவில் ஏறக்குறைய 96 பங்கைக் காத்துக்கொள்கின்றது. அதே வெப்பநிலையில் முழுதும் நிரப்பி வைத்ததோ 80 பங்கையே காக்கின்றது. வெப்பநிலை 40 பாகையாயின் முன்னது 85 ஆகவும் பின்னது 65 ஆகவும் வீழ்கின்றன. எவரும் தொட்டுப் பயன்படுத்தாமல், வெறுமனே கிடந்தபோது நேர்ந்த இழப்பு இது என்பதை வாசகர் கருதுக.

பெருந் தொலைபேசி நிறுவனங்கள் தம் கருவிகளைச் சுற்றுப்புற வெப்பநிலை 35 பாகைக்கு மேற்படாத இடத்தில் பயன்படுத்துமாறு கூறுகின்றன. சித்திரை வைகாசி மாதங்களில் வவுனியாவிலோ திருகோணமலையிலோ வாழ்வார்க்கு இது சிறிது நகைப்பை விளைக்கலாம். ஊரின் வெப்பத்தை நாம் மாற்றவியலாதுதான். ஆயினும் அதன்மேல் நாமே கூட்டும் வெப்பம் உண்டு. நண்பகலில் மோட்டார்ச் சைக்கிளின் கைபிடியிலே தொலைபேசியை வெயிலுக்கு நேரே பூட்டிக்கொண்டு செல்வோரையும், ஓட்டோவின் முன்கண்ணாடிக்கடியில் வைத்து மின்னேற்றுவோரையும் தெருவெங்கும் காண்கின்றோம். பிள்ளைகளோ மின்னேற்றிக்கொண்டே படம் பார்க்கின்றனர், விளையாடுகின்றனர். இரவில் தலையணையின்கீழ் வைத்து மின்னேற்றும் வழக்கமோ மின்கலத்துக்கு மட்டுமன்றி உறங்குவார்க்கும் தீங்கானது. தடித்த உறையைக் கழற்றிவிட்டு, காற்றோட்டமுள்ள மேசைமீதோ வெறுந்தரையிலோ வைத்து மின்னேற்றுவது எவ்வளவோ மேல்.

நிற்க, இரவு முழுவதும் மின்னேற்றியில் விடலாமா என்ற வினா நம் மாணவரால் அடிக்கடி கேட்கப்படுவது. நூறு எட்டியதும் தொலைபேசி தானே மின்னோட்டத்தை நிறுத்திக்கொள்ளும். அளவுக்கு மிஞ்சி ஏறி வெடிக்குமென்று அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் விடியுமட்டும் அது நிரம்பிய நிலையிலேயே கிடக்கும். ஆதலால் அண்மைக் காலத் தொலைபேசிகள் பலவற்றில் 80 அளவில் நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடும், எழும் நேரம் அறிந்து அதற்குச் சற்று முன் நூறாக்கும் ஏற்பாடும் அமைத்துள்ளனர். இவை அமைப்புகள் என்னும் பகுதியில் மின்கலம் பற்றிய தலைப்பின்கீழ் இருக்கும். பெற்றோர் ஒருமுறை தேடிப் பார்த்தல் நன்று. 20க்கும் 80க்கும் இடையே வைத்திருத்தல் என்று பலர் கூறும் கணக்கு சட்டமன்று. எனினும் நல்ல வழக்கம்.

சிறிது சிறிதாகப் பலமுறை மின்னேற்றினால் ஆயுள் குறையுமென்று அஞ்சுவாருமுளர். இங்கு எண்ணப்படுவது மின்னேற்றியை இணைத்த தடவையன்று. செலவான மொத்த மின்னளவே. இன்று 50, நாளை 50 செலவாயின் அவ்விரண்டும் சேர்ந்தே ஒரு சுற்று ஆகும். ஆப்பிள் நிறுவனம் தன் பதினான்காம் வரிசை வரையிலான தொலைபேசிகள் 500 சுற்றுகளின் பின்னும், பதினைந்தாம் வரிசை முதலாயவை 1000 சுற்றுகளின் பின்னும் 80 பங்கு கொள்ளளவைக் காக்குமாறு அமைக்கப்பட்டனவென்று கூறுகின்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 யூன் முதல் தன் சந்தைக்கு வரும் புதிய தொலைபேசிகள் குறைந்தது 800 சுற்றுகளுக்குப் பின்னும் அவ்வளவைக் காக்கவேண்டுமென விதித்துள்ளது.

இதுகாறும் கூறியது ஆண்டுக்கணக்கிலான ஆயுள். ஒருநாட் பொழுதைக் கடத்துவது வேறு வினா. அங்கு பெருஞ்செலவாளி திரையே. அதன் ஒளியைக் குறைப்பதற்கு நிகரான சிக்கனம் வேறில்லை. அடுத்தது அலைவரிசை. அலைகோபுரம் சேய்மையிலிருக்கும்போது தொலைபேசி தன் குரலை உரக்க எழுப்பவேண்டியிருக்கின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு இரவுப் பேருந்தில் செல்வோர், தொட்டுப் பாராத தொலைபேசியும் விடிவதற்குள் இறங்கிக் கிடப்பது கண்டு வியப்பர். வழிநெடுகக் கோபுரம் தேடியலைந்த களைப்பு அது. உறங்கும் நேரம் வானூர்திப் பயண நிலையில் வைத்தால் அச்செலவு ஒழியும். செயலிகளை ஓயாது தள்ளித் தள்ளி மூடுவதால் பயன் சிறிது. மூடியதை மறுபடி திறப்பதற்கே மின் கூடுதலாய்ச் செலவாகும்.

இவ்விரு நோக்கங்களும் சிலவேளை முரண்படும். 2022 மார்ச்சு இறுதியில் நம் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியபோது, மின்சாரம் வந்த பொழுதிலெல்லாம் யாவரும் நூறு வரை நிரப்பிக்கொண்டோம். அஃது அந்நாளில் சரியே. மின்கலத்தைக் காக்கும் பொருட்டு அவசரத்தில் பேச வழியின்றி இருப்பது அறிவன்று. ஆனால் இடர் நீங்கிய பின்னும் அப்பழக்கத்தை விடாதிருப்பதுதான் வீண்செலவாகின்றது.

2020இல் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில், ஒரு வீட்டின் மூன்று பிள்ளைகள் தந்தையின் ஒரே தொலைபேசியில் முறைவைத்துப் பாடம் கேட்டதை ஆசிரியராகிய நாம் அறிவோம். மூத்தவனின் பாடம் முடியும்போது கடைசிப் பிள்ளைக்கு மின் எஞ்சியிராது. அத்தகைய வீடுகளில் இன்று தொலைபேசி மெதுவாகிவிட்டதென்று கடன்பட்டுப் புதியது வாங்க எண்ணுவோர், முதலில் பழையதன் மின்கலத்தைச் சோதிப்பாராக. தளர்ந்த மின்கலம் திடீரென அணைந்துவிடாதிருக்கத் தன் தொலைபேசிகளின் வேகத்தைத் தானே குறைத்ததாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. புதிய மின்கலத்துக்கான கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகவும் குறைத்தது. மின்கலம் மாற்றியதும் பழைய வேகம் மீண்டமை பலர் கண்டதே. கொள்ளளவு 80க்குக் கீழிறங்கியிருப்பின் மின்கலத்தை மட்டும் மாற்றினாற் போதும். அதற்கும் தரமானதையே நாடுக. விலை மிகக் குறைந்த போலிகள் சில மாதங்களில் முன்னதினும் மோசமாகும்.

பயன்படாத தொலைபேசியை அலுமாரியில் வைப்போர் பாதியளவு மின்னேற்றி, அணைத்து, குளிர்ந்த இடத்தில் வைக்க. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பாதியாக்குக. பின்மூடி மேலெழும்பியோ திரை பிதுங்கியோ காணப்படின் உள்ளே மின்கலம் வீங்கியுள்ளது என்பது பொருள். அதனை அழுத்தவோ குத்தவோ மீண்டும் மின்னேற்றவோ கூடாது. பிள்ளைகளின் கைக்கு எட்டாதவாறு, எரியத்தக்க பொருள்களுக்கு அப்பால் வைத்து, விரைவில் திருத்துநரிடம் சேர்ப்பிக்க. வீட்டுக் குப்பையோடு சேர்த்து எரிப்பது பெருந்தீங்கு.