புட்டா முட்டையான கதை

இளம்பிள்ளையில் ஜக்கார்டு டிசைன் போடுவது என் தொழில். கூடவே மொத்த வியாபாரக் கடைகளுக்குச் சேலைப் படங்களை பவர்பாயின்ட்டில் அடுக்கிக் கொடுப்பேன். வெளியூர் வியாபாரி வந்து உட்கார்ந்தால், கட்டைப் பிரிக்கும் முன்பே திரையில் காட்டிவிடலாம்.

ஒரு கடைக்குச் செய்து கொடுத்த ஃபைல், டப்பா மானிட்டர் காலத்தது. கடைக்காரர் புது லேப்டாப் வாங்கி அதைத் திறந்தார். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. “என்னப்பா, நான் கேக்காமலே கறுப்பு பார்டர் போட்டு வச்சிருக்கே?” என்றார்.

பழைய ஸ்லைடு 10 அங்குல அகலம், 7.5 அங்குல உயரம். அதாவது 4:3. எடிசன் காலத்துப் பிலிமில் பிறந்து, டிவி வழியாகக் கணினிக்கு வந்த சட்டம் இது. பக்கத்துச் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் 1956இல் எடுத்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ ஏறக்குறைய இந்த அளவுதான். 1973இல் ‘ராஜராஜ சோழன்’ சினிமாஸ்கோப்பில் வந்தது. நம் மேசைக்கு அகலத்திரை வர அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

கடைக்காரரின் லேப்டாப் 1366க்கு 768 புள்ளி. 768 உயரத்துக்கு 4:3 ஸ்லைடு 1024 புள்ளி அகலம்தான் பிடிக்கும். மிச்சம் 342. பக்கத்துக்கு 171 புள்ளி கறுப்பு.

அப்போது என்னிடம் இருந்தது 2010 பதிப்பு. பேஜ் செட்டப்பில் 16:9 என்று மாற்றினேன். பட்டை போயிற்று, சேலையும் போயிற்று. அகலத்தை 10 அங்குலத்திலேயே வைத்துக்கொண்டு, உயரத்தை 5.625க்கு இறக்கிப் படங்களை அமுக்கிவிட்டது. வட்டப் புட்டா கோழிமுட்டையாகப் படுத்துக்கொண்டது. நெட்டுக்குத்தாகத் தொங்கிய ஆறு அங்குல பார்டர், எட்டு அங்குலம் போலத் தெரிந்தது. “படத்துல பெரிய பார்டரா இருந்துச்சே” என்று ஒரு வியாபாரி சரக்கைத் திருப்பி அனுப்பினார். கடைக்காரர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

தறிச் சத்தத்தில் வளர்ந்தவனுக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? துணி அகலம் கூட வேண்டுமென்றால் பாவில் இழை சேர்ப்போம். புட்டாவைப் பிடித்தா இழுப்போம்? 2013 பதிப்பிலிருந்து பவர்பாயின்ட்டும் அப்படித்தான் செய்கிறது. உயரம் அதே 7.5, அகலம் மட்டும் 13.333. டிசைன் பகுதியில் ஸ்லைடு சைஸ், அதில் வைட்ஸ்கிரீன். நாம் வைத்த படங்கள் பெரும்பாலும் நடுவில் அப்படியே நிற்கும். பின்னணிப் படம்தான் இழுபடும், அதை மாற்றிவிட வேண்டும். ஏற்கெனவே அமுங்கிய படங்களை ‘ரீசெட் பிக்சர் அண்ட் சைஸ்’ கொடுத்து மீட்டேன். பெரிதாக்கும்போது மூலைப் புள்ளியைத்தான் பிடிக்கிறேன். பக்கப் புள்ளி பக்கமே போவதில்லை.

கூடுதலாகக் கிடைத்த 3.33 அங்குலத்தில் முந்தியின் கிட்டப் படத்தை வைத்தேன். வியாபாரிகள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

திரும்ப 4:3க்குச் சுருக்கும்போது ‘மேக்ஸிமைஸ்’, ‘என்ஷ்யூர் ஃபிட்’ என்று கேட்கும். இரண்டாவதைத் தொடுங்கள், முதலாவது ஓரத்தில் இருக்கும் முந்தியை வெட்டிவிடும்.

போன வாரம் கடைக்காரர் கூப்பிட்டார். “இப்ப எல்லாரும் போன்லதான் பாக்கறாங்க. நிக்க வச்ச மாதிரி பண்ணிக் குடு.”

கஸ்டம் அளவில் அகலம் 7.5, உயரம் 13.333 என்று போட்டுவிட்டு, முந்தியை எங்கே வைப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.