இலை சிவப்பதைக் கப்பலில் போய்ப் பார்க்கணுமா? தேதியையும் திசையையும் முதலில் முடிவு பண்ணுங்க!

அக்டோபர் வந்தாலே இன்ஸ்டாகிராமில் அந்த ரீல்ஸ் வந்துவிடும். கப்பல் பால்கனி, கையில் காபி கப், எதிரே மலை முழுக்கச் சிவப்பும் ஆரஞ்சும் மஞ்சளும். கீழே கமென்ட்டில் நாலு பேர், 'இது எந்த ஊர் ப்ரோ?' என்று கேட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியும், அதை ஒட்டிய கிழக்குக் கனடாவும்தான். நியூயார்க், பாஸ்டன், கியூபெக் சிட்டி, மான்ட்ரியல் ஆகிய ஊர்களில் இருந்து செப்டம்பர், அக்டோபரில் இதற்காகவே கப்பல்கள் கிளம்புகின்றன.

வாழ்க்கையில் ஒரு முறையாவது போகணும் என்று சேமிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சிக்கல் ஒன்று இருக்கிறது. டிக்கெட்டை எட்டு, பத்து மாதங்களுக்கு முன்பே எடுத்துவிடுவோம். ஆனால், ஓர் ஊரில் இலைகள் உச்ச நிறத்தில் இருப்பது ஒன்றிரண்டு வாரங்கள்தான். பத்து நாள் முந்திப் போனால் எல்லாம் பச்சை. பத்து நாள் பிந்திப் போனால் மொட்டைக் கிளை.

இலை ஏன் நிறம் மாறுகிறது என்று கொஞ்சம் புரிந்துகொண்டால் தேதி போடுவது சுலபம். பகல் பொழுது குறையக் குறைய, இலையில் உள்ள பச்சையம் சிதைய ஆரம்பிக்கும். மஞ்சளும் ஆரஞ்சும் ஏற்கெனவே இலைக்குள் இருப்பவைதான். பச்சை விலகியதும் வெளியே தெரிகின்றன. சிவப்பு மட்டும் வேறு கதை. இலையில் தங்கும் சர்க்கரையில் இருந்து அந்த நேரத்தில் புதிதாக உருவாகும் நிறமி அது. பகலில் நல்ல வெயில், இரவில் உறையாத அளவு குளிர் என்று சில நாள்கள் தொடர்ந்தால் மேப்பிள் மரங்கள் அப்படியே பற்றி எரிவதுபோலச் சிவக்கும். மழை, காற்று என்று வந்தால் அந்த வருடம் கொஞ்சம் டல்தான்.

குளிர் முதலில் வடக்கிலும் உயரமான இடங்களிலும் வரும். அதனால் நிறமும் வடக்கில் இருந்து தெற்கே, மலையில் இருந்து கீழே இறங்கி வரும். கடலோரம் கடைசியில்தான் மாறும். கடல் நீர் சட்டென்று குளிராது என்பதால் கரையிலும் குளிர் தாமதமாகவே வரும். கியூபெக் பக்கம் செப்டம்பர் கடைசி முதல் அக்டோபர் முதல் பாதி வரை நல்ல நேரம். மெய்ன் மாநிலக் கடலோரத்துக்கு அக்டோபர் நடுப்பகுதி. அந்தக் கடலோரத்தில் இருக்கும் அகாடியா தேசியப் பூங்காவில், 1950-ஐ ஒப்பிட்டால் இப்போது உச்ச நிறம் கிட்டத்தட்ட இரண்டு வாரம் தள்ளி வருகிறது என்று ஆய்வில் தெரியவந்திருக்கிறது. பழைய பயணக் கட்டுரைகளைப் படித்துத் தேதி போடாதீர்கள்.

இதை வைத்துத் திசையை முடிவு பண்ணுங்க. செப்டம்பர் கடைசி வாரத்தில்தான் லீவு கிடைக்கும் என்றால், நியூயார்க் அல்லது பாஸ்டனில் ஏறி வடக்கே கியூபெக்கில் இறங்கும் கப்பல். அக்டோபர் முதல் வாரம் என்றால், கியூபெக்கில் ஏறித் தெற்கே வரும் கப்பல். நிறம் இறங்கி வர, நீங்களும் கூடவே வருவீர்கள். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது ரகம். செப்டம்பர் ஆரம்பத்தில் 'ஃபால் குரூஸ்' என்று மலிவாக வரும் ஆஃபர்களில் விலை குறைவதற்குக் காரணம் இருக்கிறது: அப்போது மரங்கள் பச்சையாக இருக்கும்.

பால்கனிக்குக் காசு கொட்டலாமா?

ரீல்ஸ் சொல்லாத விஷயம் இது. இந்தக் கப்பல்கள் பெரும்பாலும் ராத்திரியில் ஓடும். பகலில் துறைமுகத்தில் நிற்கும். ஓடும்போதும் கரையில் இருந்து தூரமாகப் போவதால், அட்லான்டிக் பக்கம் பால்கனியில் இருந்து தெரிவது கடல்தான். ரூமில் இருந்தே மரம் பார்க்க ஆசைப்பட்டால் செயின்ட் லாரன்ஸ் நதி வழியாகப் போகும் பயணத்தை எடுங்கள். அதிலும் சகனே ஃபியார்டுக்குள் போகிறதா என்று பாருங்கள். சுமார் 100 கிலோமீட்டர் நீளத்துக்குச் செங்குத்தான பாறைகள், அவற்றின் மேல் காடு, நடுவில் கப்பல். ஃபியார்டு நதியோடு சேரும் டாடூசாக் அருகே வெள்ளை நிற பெலூகா திமிங்கிலங்களும் தெரியலாம். கப்பல் எத்தனை மணிக்கு உள்ளே நுழையும் என்று முதல் நாளே கேட்டு அலாரம் வைத்துவிடுங்கள். இந்த வழி இல்லாத பயணத்துக்கு ஜன்னல் இல்லாத ரூமே போதும். மிச்சமாகும் பணத்தைக் கரையில் செலவழிக்கலாம்.

நிறம் கரைக்கு உள்ளேதான் இருக்கிறது. ஹாலிஃபாக்ஸில் இறங்கினால் எல்லோரும் பெக்கிஸ் கோவ் கலங்கரை விளக்கத்துக்குத்தான் ஓடுவார்கள். அழகான இடம், ஆனால் அங்கே இருப்பது வெறும் கருங்கல் பாறை. இலைக்காகப் போகிறவர்கள், கேப் பிரெட்டன் தீவில் உள்ள சிட்னி துறைமுகத்தைக் குறித்துவையுங்கள் (ஆஸ்திரேலிய சிட்னி இல்லை!). அங்கிருந்து கேபட் டிரெயில் என்ற சுமார் 300 கிலோமீட்டர் மலைச் சாலையின் ஒரு பகுதியையாவது பார்த்துவிடலாம். கியூபெக் சிட்டியில் இறங்கினால் 83 மீட்டர் உயர மான்ட்மோரென்சி அருவி பக்கத்திலேயே இருக்கிறது. பாஸ்டனில் பயணம் முடிந்தால் இரண்டு நாள் சேர்த்துத் தங்கி, நியூ ஹாம்ப்ஷயரின் கன்கமேகஸ் நெடுஞ்சாலைக்குக் கார் எடுத்துப் போங்கள். மொத்தப் பயணத்திலும் உங்களுக்குப் பிடித்த நாள் அதுவாகவே இருக்கலாம்.

அகாடியா பூங்காவுக்குப் பக்கத்து ஊரான பார் ஹார்பரை நம்பித்தான் பலர் புக் பண்ணுகிறார்கள். கூட்டம் தாங்காமல் அந்த ஊர் மக்கள் 2022 நவம்பரில் வாக்களித்து, ஒரு நாளைக்குக் கப்பலில் இருந்து 1,000 பேருக்கு மேல் இறங்கக் கூடாது என்று கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். பெரிய கப்பலில் போவதாக இருந்தால் அந்த ஊர் பட்டியலில் உண்மையிலேயே இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றுக்கு இரண்டு விசா

நியூயார்க்கில் ஏறி நியூயார்க்கிலேயே இறங்கப் போகிறோம், அமெரிக்க விசா போதுமே என்று தோன்றும். போதாது. 1886-ல் போட்ட ஓர் அமெரிக்கச் சட்டப்படி, வெளிநாட்டுக் கொடி உள்ள கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களை மட்டும் சுற்றிப் பயணிகளை ஏற்றி இறக்க முடியாது. பெரிய குரூஸ் கப்பல்கள் பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா கொடியோடு ஓடுபவை. அதனால்தான் அவை கட்டாயம் கனடாவைத் தொட்டுவிட்டு வருகின்றன. ஆக, இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு அமெரிக்காவுக்குள் பல முறை நுழையும் விசாவும் வேண்டும், கனடா விசிட்டர் விசாவும் வேண்டும். ஒரே நாள்தான் நிற்கும் என்றாலும் விதிவிலக்கு இல்லை. பேப்பர் சரியில்லை என்றால் துறைமுகத்திலேயே ஏற்ற மறுத்துவிடுவார்கள், கட்டிய பணமும் போய்விடும்.

அமெரிக்க விசா இன்டர்வியூ தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகலாம். விசா கையில் வந்த பிறகு டிக்கெட். அல்லது கேன்சல் செய்தால் பணம் திரும்ப வரும் டிக்கெட். நியூ ஜெர்சியில் அக்கா இருக்கிறார், டொரன்டோவில் சித்தப்பா இருக்கிறார் என்று போகிறவர்கள் அந்தப் பயணத்தோடு இதைச் சேர்த்தால் விமானச் செலவு மிச்சம்.

டிக்கெட் விலையைப் பார்க்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அது ஒரு ரூமில் இருவர் தங்கினால் ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கு. தனியாகப் போனால் கிட்டத்தட்ட இரண்டு பேர் காசு. வைஃபை, தினசரி டிப்ஸ், துறைமுக வரி எல்லாம் மேலே ஏறும். கப்பல் ஏறியதும் போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் நெட்வொர்க்கைப் பிடித்து ரோமிங் பில் எகிறிவிடும். ஹாலிஃபாக்ஸ் நேரம் நியூயார்க்கைவிட ஒரு மணி நேரம் முன்னால். கரையில் போன் காட்டும் நேரமும் கப்பல் நேரமும் வேறாக இருக்கலாம். கப்பல் உங்களுக்காகக் காத்திருக்காது என்பதால் கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். டெக்கில் காற்று பலமாக இருக்கும், காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் அவசியம். சைவம் என்றால் புக் செய்யும்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

அட்லான்டிக்கில் புயல் சீசன் நவம்பர் 30 வரை இருக்கும். 2022 செப்டம்பரில் ஃபியோனா புயல் நோவா ஸ்கோஷியாவைப் புரட்டிப்போட்டது. வானிலை சரியில்லை என்றால் கேப்டன் ஒரு துறைமுகத்தைத் தாண்டிப் போய்விடலாம், ஒப்பந்தத்திலேயே அதற்கு அனுமதி உண்டு. அதனால் டிராவல் இன்சூரன்ஸில் கஞ்சத்தனம் வேண்டாம். கரையில் போகும் டூர்களை ஊரில் இருந்தே மொத்தமாக புக் செய்யவும் வேண்டாம். மெய்ன் மாநில அரசு சீசன் முழுக்க வாராவாரம் எந்தப் பகுதியில் எவ்வளவு நிறம் மாறியிருக்கிறது என்று மேப் போட்டு வெளியிடுகிறது. கிளம்பும் வாரம் அதைப் பார்த்துவிட்டு, கேன்சல் வசதியுள்ள டூராகப் பார்த்துப் போடுங்கள்.