பிரசாரக் கணக்கும் கேட்டவர் தொகையும்

விவசாயப் பிரசாரம் எதுவாயினும், அதன் முடிவில் அறிக்கையொன்று எழுதப்படுகின்றது. இச்செய்தி இத்தனை ஆயிரம் பேருக்கு எட்டியது என்னும் வாக்கியம் அதிற் பெரும்பாலும் இடம்பெறும். அவ்வெண்ணின் பொருளைச் சரிவர அறியாவிடில், செய்தியே கிடைக்காத குடியானவரும் கிடைத்தவராகக் கணக்கில் ஏறிவிடுவர். அதனால் வரும் நஷ்டம் அவரையே சாரும்.

மூன்று எண்கள்.—உடையார்பாளையத்தை அடுத்த ஒரு கிராமத்தில் 1,000 குடியானவர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முந்திரியின் தளிரையும் பூவையும் கெடுக்கும் தேயிலைக் கொசுவைப்பற்றி ரேடியோவில் ஆறு தடவை அறிவிப்புச் செய்யப்படுகின்றது. 300 பேர் தலைக்கு நான்கு தடவை அதனைக் கேட்கின்றனர். கேட்ட ஆட்களாகிய 300 என்பது எட்டிய தொகை. நான்கு என்பது சராசரித் தடவை. இவ்விரண்டையும் பெருக்க வரும் 1,200 என்பது மொத்தச் செவிபடுதல்.

விளம்பர வியாபாரிகள் இதனையே நூற்று விகிதமாக்கி, 30-ஐ நான்கால் பெருக்கி, 120 புள்ளிகள் என்பர். 120 என்பதால் ஊரார் அனைவருக்கும் எட்டி மிஞ்சியதென்று மயங்கலாகாது. 700 பேர் ஒரு தடவையேனும் அதனைக் கேட்கவில்லை. 600 பேர் இரண்டு தடவை கேட்டிருப்பினும் மொத்தம் அதே 1,200 ஆகும். ஆகவே மொத்த எண்ணொன்றை மட்டும் கொண்டு எதையும் தீர்மானிக்க இயலாது.

எது வேண்டும்?—பயிர்க் காப்பீட்டிற்குப் பணம் கட்டவேண்டிய கடைசித் தேதி போன்ற செய்தியை ஒரு தடவை கேட்டாலும் போதும். ஆனால் அது அனைவருக்கும் எட்டவேண்டும். எட்டாதவர் பயிர் அழியுங் காலத்தில் ஈடு பெறார். விதைநேர்த்தி, மருந்துக் கலவையின் அளவு போன்றவையோ பல தடவை கேட்டாலன்றி மனத்திற் பதியா. முன்னதற்கு எட்டிய தொகையும், பின்னதற்குச் சராசரித் தடவையும் முக்கியமாகும்.

எண்ணும் முறைகள்.—பத்திரிகைகளின் விற்பனைப் பிரதிகளைத் தணிக்கை செய்யும் சபை இந்தியாவில் 1948-ல் ஏற்பட்டது. விற்ற பிரதிகள் வேறு, படித்தவர் வேறு. தேநீர்க் கடையிலுள்ள ஒரு பிரதியைப் பலர் படிப்பர். வீட்டுப் பிரதி சில நாள் பிரிக்கப்படாமலே கிடக்கும். தொலைபேசிக் குறுஞ்செய்தியிலும் அனுப்பியவை, சேர்ந்தவை, படிக்கப்பட்டவை என மூன்று கணக்குகள் உண்டு. அறிக்கைகளில் முதலாவதே பெரிதாயிருப்பதால் அதனையே எழுதும் வழக்கம் எளிதில் வந்துவிடுகின்றது. தொலைக்காட்சிக்குச் சில வீடுகளைத் தெரிந்தெடுத்துக் கருவி வைத்து அளக்கின்றனர். 2015-ல் இம்முறை கிராமங்களுக்கும் விரிந்தது. எனினும் மாதிரி வீடுகளைக்கொண்டு கூறும் எண் பெருந்தொகைக்கே பொருந்தும். ஒரு தாலூகாவின் நிலைமையை அதனால் நிச்சயிக்க முடியாது.

கேட்டதும் செய்ததும்.—1956-ல் புனாவைச் சார்ந்த ஜில்லாக்களில் சுமார் 150 கிராமங்களில் ரேடியோ விவசாயச் சங்கங்கள் அமைக்கப்பட்டன. கேட்டவர் எத்தனை பேர் என்பதோடு அங்கே பரீட்சை நிற்கவில்லை. நிகழ்ச்சிகளுக்கு முன்னும் பின்னும் குடியானவரின் அறிவு எவ்வளவென்று விசாரித்து, சங்கமில்லாத கிராமங்களோடும் ஒப்பிட்டனர். கூடிக் கேட்டு விவாதித்தவர்களே அதிகம் கற்றனர் என்பது விளங்கிற்று.

நம் பக்கத்திலும் உதாரணம் உண்டு. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கியது. 1965-ல் ஆடுதுறை 27 என்னும் நெல் வெளிவந்தபோது அந்நிலையம் அதனைப் பரப்பிற்று. தஞ்சைக் குடியானவர்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயரிட்டனர். பிரசாரம் பலித்ததற்கு வயலில் விதைத்த நெல்லே சாட்சியாயிற்று.

கவனிக்கவேண்டியவை.—அறிக்கையைப் படிப்போரும் எழுதுவோரும் கீழ்க்கண்டவற்றை விசாரித்தல் நலம்:

(1) கூறிய எண் ஆட்களா, தடவைகளா?

(2) எத்தனை பேரில் இத்தனை பேர்?

(3) எவ்வாறு எண்ணப்பட்டது?

(4) பயிருக்கு உரிய காலத்தில் எட்டியதா?

(5) எட்டாதவர் யாவர்? ரேடியோவும் தொலைபேசியும் இல்லாதோர், எழுத்தறியாதோர், பெண் விவசாயிகள், குத்தகைக்காரர் ஆகியோர் விடுபட்டனரா?

ஐந்தாவது கேள்விக்கு விடை கிடைத்தால், தண்டோரா போடவேண்டிய தெருவும் அடுத்துச் செல்லவேண்டிய வீடும் எவையென்பது உடனே தெரியவரும்.