புல்லுருவியும் பூக்கொத்தியும்: ஒரு கொடுக்கல் வாங்கல் கணக்கு

ஒருவரைக் கடுமையாகச் சாட வேண்டுமென்றால் 'சமுதாயப் புல்லுருவி' என்பது நம் தமிழ் மேடைகளின் வழக்கம். நாம் குடியேறி வாழும் மராட்டிய மண்ணிலும் இதே வழக்கு உண்டு. அங்கே அதன் பெயர் 'பாண்ட்கூள்'. உழைக்காமல் அடுத்தவர் உழைப்பை உறிஞ்சி வாழ்கிறவனுக்கு இரு மொழியாரும் ஒரே செடியின் பெயரைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பிழைப்புத் தேடி வெளியூரிலிருந்து வந்தவர்கள் மீதும் இப்படிப்பட்ட சொற்கள் வீசப்பட்ட காலம் ஒன்று உண்டு என்பதை நம்மில் மூத்தவர்கள் அறிவார்கள்.

இவ்வளவு ஏச்சுக்கும் ஆளான அந்தச் செடி உண்மையில் என்னதான் செய்கிறது? அதற்கும் சில சின்னஞ்சிறு பறவைகளுக்கும் உள்ள உறவு என்ன? இதைக் களத்தில் நின்று ஆராய்ந்தவர்களில் இருவர் நமக்கு நெருக்கமானவர்கள். ஒருவர் பம்பாயில் பிறந்த பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896-1987). மற்றொருவர் அவரிடம் ஆய்வு மாணவியாக இருந்து, நீலகிரி மலையில் இதே ஆய்வைத் தொடர்ந்த சூழலியல் அறிஞர் பிரியா தாவிதார். பின்னாளில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றியவர். அடியேன் கல்லூரியில் உயிரியல் படித்தவன் அல்லன், பாத்திர வியாபாரி. ஆனால் கொடுக்கல் வாங்கல் கணக்கு தெரியும். இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள அது நிரம்பவே உதவுகிறது.

பறவைப் பூக்கள்

செடிக்குக் கால் கிடையாது. தன் மகரந்தத்தை வேறொரு பூவுக்கு அனுப்ப அது காற்றையோ பிற உயிர்களையோ நம்பித்தான் இருக்கிறது. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் நாம் அறிந்தவை. பறவைகளை நம்பி இருக்கும் பூக்களும் ஏராளம். இவற்றுக்குப் பொதுவாகச் சில அடையாளங்கள் உண்டு. நிறம் பெரும்பாலும் சிவப்பு அல்லது ஆரஞ்சு, வாசனை குறைவு, தேன் தாராளம், பறவையின் அலகு பட்டாலும் கிழியாத தடித்த இதழ். பறவைக் கண்ணுக்குச் சிவப்பு பளிச்சென்று தெரியும். வாசனையை நம்பிப் பூவைத் தேடும் வழக்கம் அதற்குக் குறைவு. ஆகவே செடியும் வாசனைக்குச் செலவு செய்யாமல் நிறத்துக்குச் செலவு செய்கிறது.

பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பத்லாப்பூர், கர்ஜத் பக்கம் ரயிலில் போகிறவர்கள் ஜன்னலோரம் கவனித்துப் பாருங்கள். இலையெல்லாம் உதிர்ந்து பூ மட்டும் நெருப்பாக நிற்கும் மரம் பளஸ். நம் ஊரில் புரசு. இலவமரமும் கல்யாண முருங்கையும் இதே வகைதான். மைனா, காகம், கரிச்சான், தேன்சிட்டு என்று அந்த மரங்களில் ஒரு சந்தையே கூடும். 'இந்தியாவின் பூப்பறவைகளும் பறவைப்பூக்களும்' என்ற பொருளில் சாலிம் அலி ஒரு விரிவான கட்டுரையை 1932இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியிட்டார்.

கொங்கணத்தில் கண்டது

சாலிம் அலி ஒருகாலத்தில் நம்மைப் போல வியாபாரத்தில் இறங்கியவர்தான். பர்மாவில் குடும்பத்தாரின் சுரங்கம், மரத் தொழில்களைப் பார்க்கப் போய், அது கைகொடுக்காமல் திரும்பினார். பிறகு பம்பாய் அருங்காட்சியகத்தில் வேலை. அதன்பின் பெர்லினில் பயிற்சி. திரும்பி வந்தபோது அந்த வேலையும் இல்லை. சம்பளம் இல்லாத அந்த நாட்களில் அலிபாக் அருகிலுள்ள கிஹிம் கடற்கரைக் கிராமத்தில் தங்கித் தூக்கணாங்குருவிகளை ஆராய்ந்தார். இதே காலத்தை ஒட்டி, 1931இல், கொங்கணத்தில் புல்லுருவி பரவுவதில் தேன்சிட்டுக்கும் பூக்கொத்திக்கும் உள்ள பங்கைப் பற்றி எழுதினார்.

மாமரக் கிளையில் கொத்துக் கொத்தாக வேறு இலையோடு தொங்குமே, அதுதான் புல்லுருவி. அதன் பூ நீண்ட குழல் போன்றது. தேன்சிட்டு வளைந்த அலகால் முதிர்ந்த மொட்டை அழுத்தினால் அது பட்டென்று திறக்கும்; மகரந்தம் பறவையின் தலையில் தெறிக்கும். அடுத்த பூவுக்குப் போகும்போது சரக்கும் கூடவே போய்விடும்.

பழம் பழுத்தபின் வருவது இன்னொரு பறவை, பூக்கொத்தி. மராட்டியில் 'புல்டோச்யா'. எட்டு சென்டிமீட்டர்தான் இருக்கும். இந்தியாவின் மிகச் சிறிய பறவைகளில் ஒன்று. இது பழத்தை விழுங்கினால் சதை மட்டும் செரிக்கும். விதை சில நிமிடங்களில் வெளியே வந்துவிடும். விதையைச் சுற்றிப் பசை போன்ற ஒரு பொருள் இருப்பதால் அது பறவையின் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பறவை கிளையில் தேய்த்துத்தான் அதை விடுவிக்க வேண்டும். தேய்த்த இடத்தில் விதை ஒட்டி முளைக்கிறது. மண்ணில் விழுந்த புல்லுருவி விதைக்கு வாழ்வே இல்லை, கிளையில்தான் விழவேண்டும். அந்த முகவரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்தப் பட்டுவாடாக்காரர்தான். ஆக மகரந்தத்துக்குத் தேன்சிட்டு, விதைக்குப் பூக்கொத்தி. ஒருவருக்குக் கூலி தேன், மற்றவருக்குக் கூலி பழச்சதை.

நீலகிரியில் கண்டது

பிரியா தாவிதாரின் ஆய்வு இந்தக் கணக்கை இன்னும் நுட்பமாக்கியது. நீலகிரியில் பல இனப் புல்லுருவிகள் உண்டு. நீண்ட பூவுடைய இனங்களுக்குத் தேன்சிட்டு வருகிறது. குட்டையான பூவுடைய சில இனங்களுக்கு மகரந்தம் சுமப்பதும் பூக்கொத்தியே! பழம் தின்று விதை பரப்புகிற அதே ஆள்தான் இந்த வேலையையும் பார்க்கிறது.

இங்கேதான் வியப்பு. இந்த இனங்களில் முதிர்ந்த மொட்டு, பழுத்த பழத்தைப் போலவே நிறத்திலும் வடிவத்திலும் அமைந்திருப்பதை அவர் கண்டார். 1983இல் 'பயோட்ராபிகா' என்ற ஆய்விதழில் இதை வெளியிட்டார். பழம் தேடி வரும் பறவை மொட்டையும் பழமாக எண்ணிக் கொத்துகிறது. கொத்தியதும் மொட்டு திறக்கிறது. பறவை தொடாவிட்டால் மொட்டு திறப்பதில்லை. இதைப் போலிச் சரக்கு என்று சொல்லிவிட முடியாது. உள்ளே தேன் இருக்கிறது, கூலி கிடைத்துவிடுகிறது. ஏற்கெனவே பெயர் எடுத்த கடையின் பலகையைப் போலவே புதுச் சரக்குக்கும் பலகை எழுதுகிற வியாபார உத்தி என்று சொல்லலாம்.

இதில் ஆபத்தும் உண்டு. இரண்டு வேலைக்கும் ஒரே ஆளை நம்பியிருக்கும் கடை, அந்த ஆள் வராவிட்டால் இரண்டு வகையிலும் படுத்துவிடும்.

மரம் கட்டும் வட்டி

உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவி வாழ்வன என்பது எங்கள் சமணக் குடும்பங்களில் சிறுவயதிலேயே சொல்லித் தருவது. ஆனால் இந்த உதவியை மிகைப்படுத்திப் பேசவும் கூடாது. பறவைக்கும் புல்லுருவிக்கும் லாபம், சரி. அந்தச் செலவை யார் கட்டுகிறார்கள்? மாமரம். புல்லுருவிக்குப் பச்சை இலை உண்டு, மாவுச்சத்தைத் தானே தயாரித்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரையும் தாதுக்களையும் மரத்திலிருந்துதான் உறிஞ்சுகிறது. மிகுந்துவிட்டால் கிளை காயும், காய்ப்பு குறையும். ரத்னகிரி ஹாபூஸ் தோட்டக்காரர் அதை வெட்டி எறிந்தால் அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இருப்பினும் எல்லா இடத்திலும் வெட்டினால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவில் டேவிட் வாட்சன் என்ற சூழலியலாளர் தம் சக ஆய்வாளருடன் இதைச் சோதித்துப் பார்த்தார். 17 காட்டுப் பகுதிகளில் புல்லுருவியை முழுவதும் அகற்றினார்கள். மூன்று ஆண்டு கழித்து எண்ணியபோது அங்கே பறவையினங்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தன. 2012இல் முடிவு வெளியானது. பழம் தின்னும் பறவைகளைவிடத் தரையில் பூச்சி தேடும் பறவைகள் அதிகம் குறைந்தன என்பது ஆச்சரியம். புல்லுருவியின் சத்துள்ள இலைகள் உதிர்ந்து மண்ணை வளமாக்கிப் பூச்சிகளைப் பெருக்குகின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம். கடனாளி என்று நாம் எழுதி வைத்தவன், பேரேட்டின் வேறொரு பக்கத்தில் வரவு வைத்துக்கொண்டிருக்கிறான்!

டோம்பிவிலியில் நாம் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் உண்டு. மழைக்கு முன் சொசைட்டி வளாகங்களில் கிளை வெட்ட ஆள் வைக்கிறோம். கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: பழமரம் என்றால் புல்லுருவியை எடுக்கட்டும், நோஞ்சான் மரம் என்றாலும் எடுக்கட்டும். தெம்பாக நிற்கும் நிழல் மரத்தில் ஒன்றிரண்டு கொத்து இருந்தால் விட்டுவிடட்டும். பால்கனித் தொட்டியில் ஒரு செம்பருத்தி, வளாக மூலையில் ஒரு கல்யாண முருங்கை வைத்தால் தேன்சிட்டு தானாக வரும். வெட்டுகிறவர் நாலு நிமிடத்தில் வெட்டிவிடுவார். அதற்கு முன்னால், அந்தக் கொத்துக்கு யார் வந்து போகிறார்கள் என்று ஒரு காலைப்பொழுதாவது நின்று பார்ப்பது நம் பொறுப்பு.